விடை தராத வாத்து: சிஎஸ்50 பாடத்தை ஏழு மாதம் உடனிருந்து பார்த்தபின்

கடந்த ஆண்டு மே மாதம் என் அக்கா மகள் மதுரையிலிருந்து எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். மடிக்கணினித் திரையைக் கைப்பேசியால் சாய்வாகப் பிடித்து எடுத்த படம். சன்னல் வெளிச்சம் விழுந்து பாதித் திரை வெளுத்துப் போயிருந்தது. அதன் கீழே, "மாமா, ஓடல" என்ற இரண்டே சொற்கள். எது ஓடவில்லை, என்ன கட்டளை கொடுத்தாள், திரையில் என்ன வந்தது என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவதற்குள் அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் பார்த்தால் அவள் எழுதிய கணினி நிரலில் ஒரு அடைப்புக்குறி விடுபட்டிருந்தது. அதை எந்த வரி என்று எண்ணோடு சொல்லும் பிழைச் செய்தி, அவள் எடுத்த படத்திலேயே, வெளிச்சம் விழாத பக்கத்தில், தெளிவாக இருந்தது.

அவள் பி.காம் இரண்டாம் ஆண்டு மாணவி. அதற்கு முன் தன் ஊரில் ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதம் பைத்தான் என்ற நிரல்மொழி படித்திருந்தாள். அங்கே ஆசிரியர் சொல்லச் சொல்ல நிரலை நோட்டில் எழுதிக்கொண்டு, பிறகு அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வார்களாம். பிழை வந்தால் கை தூக்க வேண்டும். ஆசிரியர் வந்து விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு இடத்தில் எதையோ மாற்றி, ஓட வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முப்பது பேருக்கு ஒருவராக நின்று அவர் வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆனால் மூன்று மாத முடிவில் ஒரு பிழைச் செய்தியைக்கூட முழுதாகப் படித்த பழக்கம் அவளுக்கு இல்லை. சிவப்பு எழுத்தைக் கண்டதும் யாரையாவது கூப்பிட வேண்டும் என்பது மட்டும் கைவந்திருந்தது. எப்படிக் கேட்பது, கேட்பதற்கு முன் தானாக எவ்வளவு தூரம் போவது என்ற இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் பாடம் ஏதாவது உண்டா என்று தேடித்தான் ஜூன் மாதத்தில் அவளைச் சிஎஸ்50 பாடத்தில் சேர்த்துவிட்டேன். டிசம்பர் கடைசி வாரத்தில் அவள் முடித்தாள். வார இறுதிகளில் கோவையிலிருந்து காணொலி அழைப்பில் உடன் உட்கார்ந்து நானும் பார்த்தேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதும் மதிப்புரை இது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிஎஸ்50 என்பது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடக்கும் கணினி அறிவியல் அறிமுகப் பாடம். 2007 முதல் டேவிட் மாலன் அதை நடத்திவருகிறார். 2012 முதல் எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தின் வழியாக உலகத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கலாம். கட்டளைகளைக் கட்டைகளாக அடுக்கும் ஸ்க்ராட்ச் என்ற எளிய மொழியில் தொடங்கி, சி என்ற நிரல்மொழியில் பல வாரம் உழன்று, பைத்தான், தரவுத்தளத்துக்கான எஸ்க்யூஎல், இணையப் பக்கம் என்று சென்று, சொந்தமாக ஒரு செயல்திட்டத்தோடு முடியும். எல்லாம் உலாவிக்குள்ளேயே திறக்கும் விஎஸ் கோடு என்ற நிரல் எழுதும் சூழலில் நடப்பதால் பழைய மடிக்கணினியே போதும். கைப்பேசியை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது. மாலன் தொலைபேசி அடைவைப் பாதியாகக் கிழித்துத் தேடல் முறையை விளக்கும் முதல் விரிவுரையைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். விரிவுரைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. என்றாலும் இந்தப் பாடத்தின் உயிர் அவற்றைச் சுற்றியுள்ள சின்னச் சின்னக் கருவிகளிலும், மாணவர் யாரிடம் எதை எப்படிக் கேட்கலாம் என்று வகுத்திருக்கும் விதிகளிலும் இருக்கிறது என்பது என் துணிபு.

முதலில் செக்50 என்ற கருவியைச் சொல்ல வேண்டும். எழுதிய நிரலை அதனிடம் ஒப்படைத்தால் பல சோதனைகளை ஓட்டிப் பார்த்து, தேறியவற்றுக்குப் பச்சை நிறச் சிரிப்பு முகமும், தேறாதவற்றுக்குச் சிவப்பு நிறச் சோக முகமும் காட்டும். முதல் வாரப் பயிற்சிகளில் ஒன்று மாரியோ விளையாட்டில் வரும் பிரமிடை ஹேஷ் (#) குறிகளால் வரைவது. உயரம் ஒன்று முதல் எட்டு வரை பயனர் சொல்லுவார். படிக்கட்டு வலப்பக்கம் ஒட்டி நிற்க வேண்டும். அக்கா மகள் எழுதிய நிரல் திரையில் அழகான பிரமிடை வரைந்தது. செக்50-யிடம் கொடுத்தால் வரிசையாகச் சிவப்பு.

"மாமா, இது தப்பா சொல்லுது. நான் போட்டது சரியாத்தான் வந்திருக்கு, நீங்களே பாருங்க."

நானும் பார்த்தேன், என் கண்ணுக்கும் சரியாகவே தெரிந்தது. செக்50 தரும் இணைப்பைத் திறந்தால், எதிர்பார்த்த வெளியீடு ஒரு பக்கமும் நம் நிரல் தந்த வெளியீடு மறுபக்கமுமாக இருக்கும். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அடியில் ஒரே ஒரு குறிப்பு: பிரமிடின் வரி முடிவில் தேவைக்கு மேல் வெற்றிடம் சேர்த்துவிட்டீர்களா என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. அவள் கர்சரை வரியின் கடைசிக்குக் கொண்டுபோனாள். அது ஹேஷ் குறியைத் தாண்டி ஒரு இடம் தள்ளிப் போய் நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி, ஒவ்வொரு வரியின் முடிவிலும். அவள் பத்து விநாடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே தன் நிரலின் உள்சுற்றுக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் உள்பகுதிக்கு, போய் அந்த இடைவெளியைப் போடும் வரியை நீக்கினாள். நான் வாயே திறக்கவில்லை.

இந்தக் கருவியின் அமைப்பை நான் நெடுநேரம் யோசித்தேன். எதை ஓட்டினேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், உண்மையில் என்ன வந்தது: பதினோரு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் நான், சக ஊழியர் ஒருவரிடம் உதவி கேட்கும்போது சொல்லவேண்டியவை இந்த மூன்றும்தான். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களிடம் இந்த மூன்றையும் வரவழைப்பதற்குள் மாதக்கணக்காகிவிடுகிறது. செக்50 அதை அறிவுரையாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு முறையும் அதே வடிவத்தில் காட்டிக் காட்டி மாணவரின் கண்ணைப் பழக்குகிறது. மூன்றாவது வாரத்துக்குள் அவள் எனக்கு அனுப்பும் செய்திகளும் மாறிவிட்டன. திரையைப் படம் எடுப்பதை விட்டுவிட்டு, பிழைச் செய்தியை எழுத்தாக நகலெடுத்து ஒட்டி, "உயரம் 3 கொடுத்தேன், மூணு வரி வரணும், நாலு வருது" என்று எழுதலானாள். நாலு வருது என்று எழுதியபோதே, ஃபார் சுற்றில் 'சிறியது' என்பதற்குப் பதிலாக 'சிறியது அல்லது சமம்' என்று போட்டிருப்பதையும் பல முறை அவளே கண்டுபிடித்து, நான் பதில் எழுதுவதற்குள் செய்தியை நீக்கிவிடுவாள்.

அடுத்து, பாடத்தின் நேர்மை விதிகள். பெரும்பாலான மாணவர்கள் இந்தப் பக்கத்தை உருட்டித் தள்ளிவிட்டு ஒப்புக்கொண்டேன் என்று அழுத்திவிடுவார்கள். அப்படிச் செய்யாமல் ஒரு தடவை பொறுமையாகப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அதன் சாரம் 'நியாயமாக நடந்துகொள்' என்பதுதான். பயிற்சிகளைப் பற்றி உடன் படிப்பவரோடு ஆங்கிலத்திலோ மனிதர் பேசும் வேறு எந்த மொழியிலோ பேசலாம் என்று அது வெளிப்படையாக அனுமதிக்கிறது. நிரலில் உள்ள பிழையைக் கண்டுபிடிக்க உதவி கேட்கும்போது உங்கள் நிரலை மற்றவரிடம் காட்டலாம்; ஆனால் அவருடைய நிரலை நீங்கள் பார்க்கக் கூடாது. இவ்வளவு எளிய கோடு ஒன்றை வேறெங்கும் நான் கண்டதில்லை. எனக்கே அது உதவியது. அவளுக்கு உதவும்போது என் கை விசைப்பலகைக்குப் போகக் கூடாது, என் நிரலை அவளுக்கு அனுப்பக் கூடாது, தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம் என்று எங்களுக்குள் வைத்துக்கொண்டோம். "முதல் வரியிலிருந்து சத்தமா சொல்லும்மா, ஐ-யோட மதிப்பு இப்ப என்ன?" என்று கேட்டுக் கேட்டே பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பயிற்சி மையத்தில் அந்த ஆசிரியர் கையால் செய்ததை நான் வாயால் மட்டுமே செய்யவேண்டியிருந்தது. அதனால் நேரம் மூன்று மடங்கு ஆயிற்று; மறு வாரம் அதே பிழை திரும்பி வரவில்லை.

இணையத்தில் இந்தப் பயிற்சிகள் அனைத்துக்கும் முழு விடைகள் கிடைக்கின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து தனியாகப் படிப்பவரின் அருகே நின்று யாரும் பார்க்கப்போவதில்லை. விடையைப் பார்த்து எழுதினாலும் செக்50 பச்சை முகம்தான் காட்டும். அந்தப் பச்சைக்கு எந்தப் பொருளும் இல்லை என்று படிப்பவர் தமக்குத் தாமே ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு மனமில்லாதவர்களுக்கு இந்தப் பாடத்தின் ஏழு மாதமும் வீண்.

இப்போது வாத்துக்கு வருகிறேன். நிரலாளர்களிடையே ஒரு பழைய வழக்கம் உண்டு. சிக்கல் புரியாதபோது மேசையில் ஒரு ரப்பர் வாத்து பொம்மையை வைத்துக்கொண்டு, அதற்கு நிரலை வரிவரியாக விளக்கிச் சொல்ல வேண்டும். சொல்லும்போதே தவறு எங்கே என்று சொல்பவருக்குப் புரிந்துவிடும். சிஎஸ்50 சூழலிலும் ஒரு வாத்து உண்டு. தொடக்கத்தில் அது எதைக் கேட்டாலும் 'குவாக் குவாக்' என்று மட்டுமே பதில் சொல்லும். 2023-இல் அதற்குச் செயற்கை நுண்ணறிவைப் பொருத்தினார்கள். ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் மொழி மாதிரி அதற்குள் இயங்குகிறது. ஆனால் விடையை எடுத்துக் கொடுக்காமல் மாணவரை விடையை நோக்கி நடத்திச் செல்ல வேண்டும் என்று அதைக் கட்டியிருக்கிறார்கள். சாட்ஜிபிடி, கோபைலட் போன்றவற்றைப் பாடத்தின் பயிற்சிகளுக்குப் பயன்படுத்த அனுமதியில்லை. இந்த வாத்துக்கு மட்டும் அனுமதி உண்டு.

அதன் நடத்தையை ஒரு நிகழ்ச்சியால் காட்டுகிறேன். நான்காம் வாரத்தில் ரெகவர் என்று ஒரு பயிற்சி வரும். படம் எடுத்த நினைவக அட்டையிலிருந்து அழிந்துபோன 50 ஜேபெக் படங்களை மீட்டெடுக்க வேண்டும். அட்டையின் உள்ளடக்கத்தை 512 பைட்டுகளாகப் படித்துக்கொண்டே போய், எங்கே ஒரு படத்தின் தொடக்க அடையாளம் தென்படுகிறதோ அங்கே ஒரு புதிய கோப்பைத் திறந்து எழுத வேண்டும். 000.jpg என்று தொடங்கி 049.jpg வரை கோப்புகளுக்குப் பெயர் வைக்க வேண்டும். அவளுடைய நிரல் 50 படங்களையும் மீட்டுவிட்டது. முதல் படம் திறந்தபோது அவள் போட்ட சத்தத்தில் என் அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். ஆனால் நினைவகப் பிழைகளைக் காட்டும் வால்கிரைண்ட் கருவி, 'இன்வேலிட் ரைட்' (அனுமதியில்லாத இடத்தில் எழுதுதல்), அளவு ஒரு பைட்டு என்று ஒரு புகாரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

வாத்திடம் முதலில் அவள் கேட்டது, "என் நிரலில் நினைவகப் பிழை இருக்கிறது, சரிசெய்து கொடு" என்பது. எந்த வரியை வால்கிரைண்ட் சுட்டுகிறது, அந்த வரி என்ன செய்கிறது என்று நீ நினைக்கிறாய் என்று வாத்து திருப்பிக் கேட்டது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. மூடி வைத்துவிட்டுப் போய் இரவு உணவு முடித்து வந்தாள். பிறகு நோட்டை எடுத்துத் தமிழில் எழுதினாள்: கோப்பின் பெயருக்காக 7 பைட்டு இடம் கேட்டு வாங்கினேன், அதில் பெயரை எழுதும் வரியைத்தான் வால்கிரைண்ட் சுட்டுகிறது, மூன்று எண், ஒரு புள்ளி, ஜே, பி, ஜி ஆக ஏழு எழுத்து, ஏழுக்கு ஏழு சரியாக இருக்கும்போது ஒரு பைட்டு எப்படி அதிகமாகும்? அதை ஆங்கிலத்தில் ஆக்கி வாத்திடம் கொடுத்தாள். ஒரு சரம் (எழுத்துகளின் தொடர்) எங்கே முடிகிறது என்று சி மொழிக்கு எப்படித் தெரியும் என்று ஒரே ஒரு கேள்வி திரும்பி வந்தது. சரத்தின் இறுதியில் முடிவைக் குறிக்கும் 'நல்' (null) என்ற கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று நிற்கும் என்பதை அவள் இரண்டாம் வார விரிவுரையில் கேட்டு நோட்டிலும் குறித்து வைத்திருந்தாள். ஏழை எட்டாக மாற்றினாள், புகார் நின்றது.

அந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையே இருந்த இரண்டு மணி நேரத்தில்தான் அவள் கற்றாள் என்று நான் நினைக்கிறேன். முதல் கேள்விக்கே யாராவது "எட்டு போடு" என்று சொல்லியிருந்தால், அடுத்த வாரம் வேறொரு சரத்தில் அதே தவறைச் செய்திருப்பாள். வாத்திடம் இதயக் குறிகள் என்று ஒரு ஏற்பாடும் உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று குறையும். நேரம் போகப் போகத் திரும்பி வரும். ஆகவே தோன்றியதை எல்லாம் உடனுக்குடன் கேட்டுத் தள்ள முடியாது. கேள்விக்கு ஒரு விலை இருக்கிறது என்ற உணர்வே, கேட்பதற்கு முன் நிரலைச் சுருக்கிப் பார்க்கவும், இடையிடையே மதிப்புகளை அச்சிட்டுப் பார்க்கவும், நிரலை நிறுத்தி நிறுத்திக் காட்டும் டீபக்50 கருவியைத் திறந்து வரிவரியாக நடக்கவும் வைக்கிறது. மற்றபடி, இது மொழி மாதிரிதான். தவறாகவும் சொல்லக்கூடும் என்று பாடத்தாரே எச்சரிக்கிறார்கள். அது சொன்னதை ஓட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளும் பழக்கம் இல்லாதவர், விசைப்பலகையை இழுத்துக்கொண்ட அந்த ஆசிரியரின் இடத்தில் இந்த வாத்தை வைத்துவிடும் ஆபத்து உண்டு.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, மொழி. விரிவுரைகள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீள்பவை; மாலன் வேகமாகப் பேசுவார். தமிழ் வழியில் பள்ளி முடித்த ஒருவருக்கு முதல் சில வாரங்கள் கடினமாகவே இருக்கும். அவள் ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொண்டு, வேகத்தைக் குறைத்து, ஒரு விரிவுரையை நான்கு நாளாகப் பிரித்துப் பார்த்தாள். ஒரே மூச்சில் பார்த்து முடிக்க முயல்பவர்கள் இரண்டாம் வாரத்திலேயே நின்றுவிடுவார்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் ஷார்ட்ஸ் என்ற பெயரில் சிறு காணொலிகள் இருக்கின்றன; விரிவுரையில் தவறியதை அங்கே பிடித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஏற்றம் சீராக இல்லை. மூன்றாம் வாரத்தில் தேர்தல் வாக்குகளை எண்ணும் பயிற்சியில் ரன்ஆஃப், டைட்மேன் என்று இரண்டு தெரிவுகள் தருவார்கள். டைட்மேன் வேட்பாளர்களுக்கு இடையே வட்டம் (அ, ஆ-வை வெல்ல, ஆ, இ-யை வெல்ல, இ திரும்ப அ-வை வெல்லும் நிலை) விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. அனுபவம் உள்ளவர்களையே திணற வைக்கும். புதியவர்கள் கௌரவம் பார்க்காமல் ரன்ஆஃபை எடுக்க வேண்டும். அதேபோல் முதல் வாரங்களில் கைகொடுத்த சிஎஸ்50 நூலகம் (பாடத்தார் தயாராக எழுதித் தந்த நிரல் தொகுப்பு) நான்காம் வாரத்தில் விலக்கப்பட்டு, நினைவகத்தில் எது எங்கே இருக்கிறது என்று குறிக்கும் சுட்டிகள் முழு உருவில் வந்து நிற்கும்போது, அதுவரை நன்றாக வந்தவர்களுக்கும் தன்னம்பிக்கை ஆட்டம் காணும். முதல் மொழியாகச் சி எதற்கு என்று அவள் அந்த வாரத்தில் என்னிடம் மூன்று முறை கேட்டாள். ஆறாம் வாரத்தில் பைத்தானுக்கு வந்து, சி மொழியில் நூறு வரிக்கு மேல் எழுதியதைச் சில வரிகளில் எழுதியபோது, அந்தச் சில வரிகளுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அந்தத் தெரிவு சரியானது என்றே கருதுகிறேன். ஆனால் மூன்று மாதத்தில் வேலைக்குப் போக வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவருக்கு இந்தப் பாதையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவது குறை பலரும் சொல்லாதது. எல்லாம் உலாவிக்குள் தயாராக இருப்பதால், பாடம் முடிந்த பிறகும் தம் கணினியில் பைத்தானை நிறுவுவது, ஒரு கோப்புறையைத் திறந்து அங்கிருந்து நிரலை ஓட்டுவது போன்ற அன்றாட வேலைகள் மாணவருக்குப் புதிதாகவே இருக்கின்றன. அதில் வரும் பிழைகளுக்குச் செக்50 கிடையாது. அவள் தன் இறுதிச் செயல்திட்டத்தை, அதாவது அவள் அப்பாவின் மளிகைக் கடைக் கடன் நோட்டைக் கணினியில் ஏற்றும் சிறு இணையச் செயலியை, கடைக் கணினியில் நிறுவ இரண்டு நாள் போராடினாள். என்னிடம் அதைப் பற்றி அனுப்பிய செய்தி பன்னிரண்டு வரி நீளம் இருந்தது: விண்டோஸ் பதிப்பு, கொடுத்த கட்டளை, வந்த பிழை, அதற்கு அவள் செய்து பார்த்த மூன்று வழிகள், ஒவ்வொன்றுக்கும் வந்த பதில். கடைசி வரி, "நாலாவதா பாத் அமைப்பைப் பார்க்கப் போறேன் மாமா, அதுவும் ஆகலன்னா ராத்திரி கூப்பிடுறேன்." அன்று இரவு அழைப்பு வரவில்லை.

சேர விரும்புபவர்களுக்குச் செலவு பற்றி: பாடத்துக்கும் கருவிகளுக்கும் சிஎஸ்50 நேரடியாகத் தரும் சான்றிதழுக்கும் கட்டணம் கிடையாது, எட்எக்ஸ் தரும் சரிபார்க்கப்பட்ட சான்றிதழ் வேண்டுமென்றால்தான் பணம். நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் ஒரு கணக்கு தேவைப்படும். ஒவ்வொரு பயிற்சியிலும் குறைந்தது 70 விழுக்காடு பெற்று, இறுதிச் செயல்திட்டத்தையும் அந்த ஆண்டின் டிசம்பர் 31-க்குள் ஒப்படைக்க வேண்டும். ஜூனில் தொடங்கியதால் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் விடுமுறை முழுவதும் அவசரத்தில் போயிற்று. கல்லூரியோ வேலையோ இருப்பவர்கள் ஜனவரியிலேயே தொடங்கிவிடுவது நல்லது.